மாட்டிய தாடை

"இந்தத் தாடை இதுக்குச் சொந்தம் இல்ல. வேற ஏதோ ஸ்பேனர்ல இருந்து கழட்டி மாட்டினது."

டெல்பர்ட் சத்தமாகச் சொன்னதும் ஏலக் கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது.

ஓர்வில் வீட்டுத் தானியக் கொட்டகைக்கு முன்னால் வைக்கோல் வண்டிகள் நிறையப் பழைய ஸ்பேனர்கள். திருகைச் சுற்றினால் வாயின் தாடை அகன்று குறுகுமே, அந்த வகையைத்தான் ஓர்வில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். மழையோ பனியோ, எந்த வீட்டில் ஏலம் என்றாலும் போய் நிற்பார். இன்றைக்கு ஏலம் அவர் வீட்டிலேயே. ஏலம் முடிந்ததும் முதியோர் இல்லம். அங்கே ஓர் அறை, ஒரு கட்டில், அவ்வளவுதான்.

காலையில் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து, எங்கள் எதிரில் மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இது ஒண்ணை மட்டும் நான் வெச்சுக்கறேன்மா."

மகள் ஜோலீன் கையைப் பிசைந்தாள். "அப்பா, விவரம் தெரியாம இதோட படத்தைத்தான் ஏல நோட்டீஸ்ல பெரிசாப் போட்டுட்டேன். இதுக்காகவே வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் வந்து நிக்கறாங்க."

எங்கள் அயோவாப் பக்கம் நோட்டீசில் போட்ட பொருளைத் திருப்பி எடுத்து உள்ளே வைத்தால் ஊர் காறித் துப்பும். சொந்தப் பொருளுக்குச் சொந்தக்காரரே விலை கேட்டால் இன்னும் கேவலம். ஓர்வில் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மிசூரியில் ஒரு பழைய சாமான் கடையில், துருப்பிடித்த போல்ட் வாளிக்கு அடியில் கிடைத்த ஸ்பேனர் அது. வாளிக்குள் முதலில் கையை விட்டது அவர் மனைவி வெர்னா. அவள் போய்ச் சேர்ந்த பிறகும், அதைக் காட்டாமல் ஓர்வில் யாருக்கும் காபி கொடுத்ததில்லை. அந்த மாதிரி இன்னொன்றை நாங்கள் எவரும் பார்த்ததும் இல்லை.

அதைத்தான் டெல்பர்ட் இப்படிச் சொல்லிவிட்டார்!

டெல்பர்ட் ஓர்விலின் உயிர் சிநேகிதர். ஸ்பேனர் விஷயத்தில் அவர் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. சொந்தத் தம்பி விற்க வந்ததையே நாலு பேர் நடுவில் போலி என்று சொன்ன ஆள்.

வெளியூர்க்காரர்கள் ஸ்பேனரை வண்டியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

"யாராச்சும் கேளுங்கப்பா, இரும்பு விலைக்காவது கேளுங்க!" ஏலக்காரர் கத்தினார்.

"பதினஞ்சு டாலர்" என்றார் டெல்பர்ட்.

வேறு யாரும் கேட்கவில்லை. ஸ்பேனர் அவருக்கே போனது.

தேவாலயத்துக்காக ஆப்பிள் பை பலகாரம் விற்றுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே திரிந்து குழி பறித்துவிட்டானே மனுஷன்! அதுவும் அவர் கண்ணெதிரிலேயே!

டெல்பர்ட் என்னிடம் வந்தார். "ஒரு துண்டு பை குடும்மா."

"தீர்ந்துபோச்சு."

மேஜையில் மூன்று முழுப் பை இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓர்வில் பக்கம் நடந்தார். ஓர்விலுக்குக் காபி கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது.

டெல்பர்ட் அந்த ஸ்பேனரை ஓர்வில் மடியில் வைத்தார்.

"இந்தாடா. அவனுங்க ஆயிரக்கணக்குல கேட்டிருப்பானுங்க. நான் எங்கேடா போவேன் அவ்வளவுக்கு? அதான் வாய்க்கு வந்த பொய்யை அடிச்சுவிட்டேன். இது அசல்டா. முழு அசல்!"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காபியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓர்வில் திருகைச் சுற்றினார். தாடை அகன்றது, குறுகியது.

"ஊர் முழுக்க இதைக் காட்டிப் பீத்திக்கிட்டேனே டெல்பர்ட்டு. இத்தனை வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லலையே. பெரிய மனசுடா உனக்கு."

"டேய், நான் அங்கே சொன்னதுதான்டா பொய்!"

"கூடப்பிறந்தவனுக்காகவே பொய் சொல்லாதவன் நீ. அங்கேயா சொல்லப்போறே? இப்போ சொல்றே பாரு, இதுதான் பொய். என் மனசு நோகக்கூடாதுன்னு."

"வெர்னா மேல சத்தியமாடா!"

"அவளை எதுக்குடா இழுக்கறே? அவளுக்கும் தெரியாது, பாவம். கண்டுபிடிச்ச அன்னிக்கு என்னமா குதிச்சா!"

டெல்பர்ட் தரையில் மண்டியிட்டு, தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஓர்வில் குழந்தைக்குத் தட்டுவது போல அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஜோலீன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓர்வில் மெல்ல எழுந்தார். போகிற வழியில் ஓட்டை உடைசல் இரும்பு போட்டிருந்த பெட்டியில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு நடந்தார்.

"அப்பா! ஆசைப்பட்டுக் கேட்டீங்களே, அதை எடுத்துக்கலையா?"

"அது எதுக்கும்மா? டெல்பர்ட்டே சொல்லிட்டானே."