அடுப்படிக்கு மேலே உள்ள அறை

லாட்ஜ் வேலையாள் அய்யாக்குட்டி அடுப்படியில் ஓர் இரும்பு டிரம்மில் விறகை அடுக்கி, புகை கிளம்புவதற்காக அதற்கு மேல் நனைத்த தேங்காய் மட்டைக் கதம்பையைப் போட்டார்.

"என்ன ஆச்சி, சொந்த லாட்ஜுக்கே கொள்ளி வைக்குதீய?" என்று எதிர் டீக்கடையிலிருந்து காஜா கேட்டார்.

"நான் எங்க வைக்கேன்? மெட்ராஸ் கம்ப்யூட்டர்லா வைக்கச் சொல்லுதாம்" என்றாள் வாசலில் நின்ற சங்கரம்மாள்.

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மகள் உலகம்மையும் சிரித்துவைத்தாள்.

1985 ஜூன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. ஐந்தருவிச் சாலையில் இன்னும் கூட்டம் இல்லை. சீசன் சூடு பிடித்துவிட்டால் லாட்ஜின் மூன்று மாடிகளும் நிறைந்துவிடும்.

மாடிப்படிகளுக்கு நேர் மேலே, கூரையில் ஒரு திறப்பு உண்டு. கட்டியபோது வெளிச்சத்துக்காக விட்டது. போன சீசனில் அதன் வழியே சாரல் அடித்துப் படியெல்லாம் நனைந்து, மதுரைக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இந்த வருடம் சங்கரம்மாள் திறப்பைத் தகரம் போட்டு மூடிவிட்டாள். லாட்ஜ் அவளுடையது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவள் மகள்.

உலகம்மைக்கு மெட்ராஸில் வேலை. கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எந்த வழியாகப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. நான்கு வருடங்கள் அதிலேயே போயிருந்தன. அறை, கதவு, படி எல்லாம் அங்கே எண்கள். தீயும் எண்தான். பொங்கலுக்கு வந்தபோது லாட்ஜை அளந்துகொண்டு போய் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தாள்.

அடுப்படியில் தீப்பிடித்தால் சூடான புகை படி வழியே நேராக மேலே ஏறும். திறப்பு இருந்தால் வெளியே போய்விடும். தகரம் இருந்தால் முட்டித் தேங்கும். மூன்றாம் மாடி முதலில் நிறையும். அப்புறம் இரண்டாம் மாடி. அடுப்படிக்கு நேர் மேலே இருக்கும் முதல் மாடி அறைக்குக் கடைசியில்தான் வரும்.

"அடுப்புக்கு மேல படுத்திருக்கவன் தப்பிச்சுக்கிடுவான். மொட்டைமாடிக்குக் கீழ படுத்திருக்கவன் சாவானாக்கும்?" என்றாள் சங்கரம்மாள். "உன் கம்ப்யூட்டர் என்னைக்காவது அடுப்பு ஊதியிருக்கா ஏட்டி?"

அந்தக் கணக்கை அதுவரை எந்தக் கட்டடத்திலும் யாரும் சரிபார்த்ததில்லை.

அதனால்தான் இந்த டிரம். புகை மேல்மாடியில் முதலில் தெரிந்தால் தகரம் இறங்கும். முதல் மாடியில் தெரிந்தால் உலகம்மை அதைப் பற்றி இனிமேல் பேசக் கூடாது. சங்கரம்மாள் ஊர் கேட்கச் சொன்ன பேச்சு அது.

உலகம்மை ஒவ்வோர் அறையாகப் போய், ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தாள். அடுப்படி ஜன்னல்களைச் சாத்தினாள். டிரம்மைப் பற்றவைத்தாள். பின்வாசல் வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தாள்.

எல்லோரும் முதல் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜன்னல் கண்ணாடிகள் தெளிவாக இருந்தன.

"தீ அணைஞ்சு போச்சு போலுக்கு" என்றார் காஜா.

அப்போது மூன்றாம் மாடி ஜன்னல் வெளுத்தது.

கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பிறகு உள்ளே எதுவும் தெரியாமல் போயிற்று. அடுத்து இரண்டாம் மாடி. முதல் மாடி அப்படியே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. காஜா ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு நடுச்சாலைக்கு வந்து நின்றார். சாரல் டீயில் விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

நான்கு வருடங்களாகத் தாளில் மட்டும் பார்த்தது, ஜன்னல் ஜன்னலாக நடந்துகொண்டிருந்தது.

உலகம்மை அம்மாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். அம்மா அங்கே இல்லை.

"அம்மா எங்க?"

அய்யாக்குட்டி தயங்கினார். "நீங்க அடுப்படியில நிக்கும்போதே மேல போயிட்டாவ. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாவ."

"மேலன்னா? எந்த ரூமு?"

அவர் முதல் மாடியைக் காட்டினார். அடுப்படிக்கு நேர் மேலே.

அந்த அறைக்குப் புகை கடைசியில்தான் வரும் என்று ஊருக்கே சொன்னவள், செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

படியில் புகை தலைக்கு மேலே திரண்டு ஏறிக்கொண்டிருந்தது. குனிந்தவளுக்குக் கீழே மூச்சுவிட நல்ல காற்று இருந்தது. அதுவும் அவள் கணக்கில் வந்ததுதான். அவளுக்கு அது நினைவில் இல்லை. அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டே ஏறி, கதவைத் தள்ளினாள்.

உள்ளே கதம்பை வாசம்கூட இல்லை.

சங்கரம்மாள் சுவரோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தைத்து முடித்த உறைகள் கிடந்தன. ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவச் சாத்து ஏட்டி. புகை உள்ள வந்துரும்லா."