நாற்பதாவது சட்டி

கோதுமை உறைபனியைத் தாங்குமா என்று சோதிக்க இத்தாலியின் பலேர்மோ நகரக் குளிர் போதாது. ஆய்வுகூடத்துக் குளிரறையில் உறையவைத்து எடுத்த நாற்பது சட்டிகள் காலை வெயிலில் நிற்கின்றன. ஒருமுறை விதைத்தால் ஆண்டாண்டாய்த் தளிர்க்கும் இனம்; ஆனால் நாலு வருசமாய் ஒன்றுகூட உறைபனியைத் தாண்டவில்லை. செத்தவற்றைக் கொட்ட வந்த ஆய்வுகூட வேலையாள் குணரத்தினம் ஒவ்வொரு அடித்தண்டையும் பெருவிரலால் அமத்திப் பார்க்கிறார். கடைசிச் சட்டியில் விரல் நின்றுவிடுகிறது. காய்ந்த கோதுமைத் தாளுக்குள் நகத்தளவு பச்சை. “பிள்ளை, இதுக்கு உயிர் கிடக்கு!” ஆராய்ச்சி செய்யும் கிருசாந்தினி ஓடிவந்து குந்துகிறாள். அந்தப் பச்சையை விரல்நுனியால் தொட்டுப் பார்க்கிறாள். “இனி வெளியிலை நடலாமோ?” என்று குணரத்தினம் கேட்கிறார். “இல்லையண்ணை. வளரட்டும். பிறகு இன்னும் மூண்டு டிகிரி குறைச்சுத் திரும்பக் குளிரறைக்கைதான்.” குணரத்தினம் சட்டியை வெயில் நன்றாக விழும் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, தன் நிழல் அதில் படாமல் விலகி நிற்கிறார்.