விபத்தில்லாத ஆயிரம் நாள்

சசிரேகாவின் புளியோதரை டப்பாவை ஸ்கேனரில் பிடித்துவிட்டார்கள்.

வெளிச் சாப்பாடு கப்பலுக்குள் போகக் கூடாதாம். விடியற்காலையில் எழுந்து கிளறியது என்று என் மனைவி செக்யூரிட்டியோடு மல்லுக்கு நின்றாள். எங்களுக்குப் பின்னால் சென்னைத் துறைமுகமே பெட்டியும் கையுமாகக் காத்திருந்தது. டப்பா போனது போனதுதான்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திருந்தோம். என் லைன் ஆட்கள் பதினான்கு பேர், ஆளுக்கொரு துணை. விபத்தே இல்லாமல் ஆயிரம் நாள் ஓடிய லைன் என்று கம்பெனி கொடுத்த பரிசு இந்தக் கப்பல் பயணம். லைன் வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் தினமும் காலையில் நாள் கணக்கை மாற்றி எழுதுகிறவன் நான். கீழே, லைன் லீடர் புருஷோத்தமன் என்று என் பெயரும் இருக்கும்.

நானூற்றுப் பன்னிரண்டோடு நின்றிருக்க வேண்டிய கணக்கு அது.

அன்றைக்கு டார்கெட் கழுத்தை நெரித்தது. கை உள்ளே போனால் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருக்கிறது. அது அடிக்கடி மெஷினை நிறுத்திவிடுகிறது என்று ஆஃப் செய்யச் சொன்னேன். அரை மணி நேரத்தில், அந்த மெஷினில் நின்ற எல்லப்பனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அவனை என் காரில் ஏற்றிப் படப்பையில் ஒரு கிளினிக்குக்கு ஓட்டினேன். அவன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு முனகினான். நான் கதை யோசித்தேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

வடக்குப்பட்டில் அவன் வீட்டில் இரண்டு மாடுகள். தீவனம் வெட்டும் மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று வாக்குமூலம் எழுதினேன். அன்று அவன் வேலைக்கே வரவில்லை என்று லீவு போட்டேன். எல்லப்பன் அதில் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்தான். லைனில் பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவனை வேலையை விட்டு அனுப்பாமல், பாகங்களைப் பார்வையிடும் மேஜையில் உட்கார வைத்தேன். அதையே பெரிய உபகாரம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கவுன்ட்டரில் எங்களுக்கு முன்னால் எல்லப்பன் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி காவேரி. அவளை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். புதுப் புடவையில் மடிப்புகூடக் கலையவில்லை.

ஆதார் கார்டை நீட்டியபோது அவன் வலது கை பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"சாருக்குக் கையில என்ன ஆச்சு? ஃபார்ம்ல காரணம் எழுதணும். உள்ள டாக்டர் கேப்பாங்க" என்றாள் கவுன்ட்டர் பெண்.

எல்லப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் எச்.ஆர். விஜயராகவனைப் பார்த்தேன். அவர் நாலடி தள்ளி, ஆயிரம் நாள் என்று எழுதிய பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார். எல்லப்பன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், என் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

வாயைத் திறந்தது காவேரி.

"நான்தாம்மா. தீவன மெஷின்ல அது கைய வச்சிருந்தத பாக்காம சுவிட்ச போட்டுட்டேன்" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சிரிப்பு.

அது நான் எழுதிய வரி.

மெஷின் தானாக ஓடாதே, யார் சுவிட்ச் போட்டார்கள் என்று எச்.ஆர். கேட்பாரே என்பதற்காக வாக்குமூலத்தின் கடைசியில் சேர்த்தது. 'மனைவி தெரியாமல் போட்டுவிட்டார்.' எழுதும்போது அந்த மனைவிக்கு என்ன பெயர் என்றுகூட நான் கேட்கவில்லை.

கம்பெனிக் காகிதத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். வடக்குப்பட்டில் வீட்டுக்கு ஒருவர் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். கம்பெனிக்கு ஒரு கதை, ஊருக்கு ஒரு கதை என்று சொல்ல எல்லப்பனுக்கும் காவேரிக்கும் வழி ஏது?

சசிரேகா என் காதருகே குனிந்தாள்.

"இன்னா நெஞ்சழுத்தம் பாருங்க. புருஷன் வெரல எடுத்துட்டு சிரிச்சிகினே சொல்றா. மாமியாகாரி இவ கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கிறதில்லையாம். பஸ்ஸுல சொல்லிகினு வந்தாங்க."

இல்லை சசி, அது நான் செய்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. விஜயராகவன் பேனரோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"சார், நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று எல்லப்பன் படிவத்தை என்னிடம் தந்தான். லைனில் எல்லோருக்கும் லீவு லெட்டர் எழுதித் தருகிறவன் நான்தானே.

காரணம் என்ற கட்டம் சின்னது. பிரஸ் மெஷின் என்று எழுத அதில் தாராளமாக இடம் இருந்தது.

'வீட்டில், மனைவியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

குடும்பத்தில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் கவுன்ட்டர் பெண்.

"படிச்சிப் பாத்துட்டுப் போடும்மா" என்று படிவத்தைக் காவேரியிடம் நீட்டினேன்.

அவள் படிக்காமலே போட்டாள்.