அரசர் இருக்கையில் ஒரு பள்ளம்

ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றுக்குள் இருக்கும் அரச தேவாலயத்தில், முந்நூறு ஆண்டுகளாக எந்த அரசரும் உட்காராத இருக்கையின் மெத்தை தினமும் அமுங்கிக் கிடந்தது. தலைமைக் காவலர் டல்கிளீஷ், துப்புரவு செய்யும் இஷ்பெல்லைத்தான் சந்தேகப்பட்டார்.

"பார்வையாளர்கள் வர்றதுக்குள்ள உண்மையைச் சொல்லிடு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"நானா? அந்தப் பள்ளத்துல என்னை மாதிரி ரெண்டு பேர் உட்காரலாம் சார்."

சொல்லிக்கொண்டே அவள் மெத்தையைத் தட்டி நிமிர்த்தினாள். இருவர் கண்ணெதிரிலும் அது மெல்ல அமுங்கியது.

"இப்ப யாரை சார் வேலையை விட்டுத் தூக்கப்போறீங்க?"

டல்கிளீஷ் தொப்பியைக் கழற்றினார். என்றாவது வரப்போகும் அரசருக்காக இருபது ஆண்டுகளாக வீட்டுக் கண்ணாடி முன் பழகிய வணக்கத்தை, இடுப்பை வளைத்துச் செய்தார்.

மெத்தை உப்பி எழுந்தது. மரத்தரையின் கிறீச்சொலி பலகை பலகையாக நெருங்கி, குனிந்த தலைக்கு முன்னால் வந்து நின்றது.