புகை வராத வேன்

"அம்மா, நான் சிலிண்டர் மேல உக்காந்துதான் ஸ்கூலுக்குப் போறேன். ஜம்முனு உயரமா இருக்கு!"

எல்.கே.ஜி. படிக்கும் வில்பிரட் பெருமையாகச் சொன்னதும் ஞானஜோதிக்கு உயிரே போய்விட்டது.

ராஜகீழ்ப்பாக்கத்து ஆட்டோக்கள் மண்ணெண்ணெய் கலந்து நீலநீலமாகப் புகை விடும். பிள்ளைக்கோ வீசிங். லோகநாதன் வேனில் மட்டும் பொட்டுப் புகை கிடையாது என்றுதான் அதில் சேர்த்தாள். அந்த ரகசியம் இதுதானா?

மறுநாள் காலை வேன் வந்ததும் குறுக்கே போய் நின்றாள். கையில் பிள்ளையின் புது வாட்டர் பாட்டில்.

"பின் சீட்டைத் தூக்குங்க."

"இன்னாத்துக்குக்கா? ஸ்கூலுக்கு டைமாவுது."

"தூக்குங்கன்னா தூக்குங்க!"

தூக்கினான். சமையல் சிலிண்டர் ஒன்று, ரப்பர் டியூபோடு சாதுவாகப் படுத்திருந்தது.

தெருவே கூடிவிட்டது.

"அடப்பாவி, பிள்ளைங்களை வெடிகுண்டு மேலயா உட்கார வச்சே?" என்றாள் எதிர்வீட்டு ரத்தினபாய்.

"பெட்ரோல் கட்டுப்படியாவலக்கா. கேஸுன்னா பாதி செலவு, புகையும் இல்லே. பையனுக்கு இருமல் நின்னுடுச்சுன்னு நீங்களே சொன்னீங்களே, ஜோதிக்கா?"

"இருமல் நின்னுச்சு. மூச்சும் நின்னுட்டா?"

ஞானஜோதி விடவில்லை.

"அவனவன் அடுப்பெரிக்கவே இருபது நாள் காத்துக் கிடக்கான். உனக்கு எவ குடுத்தா இதை? அவளும் பிள்ளை பெத்தவதானா? பேரைச் சொல்லு!"

"ஆமா, சொல்லுய்யா!" என்றது கூட்டம்.

லோகநாதன் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"தாம்பரம் மார்க்கெட்டாண்ட யாரோ குடுத்தாங்க. பேர் தெரியாது. தப்புதான்க்கா. இனிமே பெட்ரோல்தான்."

அங்கேயே டியூபைக் கழற்றி, சிலிண்டரை வேலியோரம் இறக்கி வைத்தான்.

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணுன்னா சும்மாவா!" என்று ரத்தினபாய் மெச்சிக்கொண்டே உள்ளே போனாள். கூட்டமும் கலைந்தது.

ஞானஜோதி தலை நிமிர்ந்து வில்பிரட்டை வேனில் ஏற்றினாள். லோகநாதன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து, யாரும் பார்க்காமல் அவள் கையில் வைத்தான்.

கேஸ் கார்டு. அதில் அவள் கணவன் சத்தியநாதன் பெயர்.

"உங்க வூட்டுல பாத்திரம் தேய்க்கிற முனியம்மா எனக்குச் சித்திக்கா," என்றான் மெதுவாக. "சும்மா கிடக்கிற ரெண்டாவது சிலிண்டரு, கூட வெல வெச்சு யாருக்காச்சும் தள்ளிடுன்னு அதுகிட்ட கார்டோட குடுத்தீங்களே? சாயங்காலம் கொண்டாந்து வெச்சிடறேன். சார் தேடறதுக்குள்ள கார்டை உள்ள வெச்சிடுங்க."

அவள் கையிலிருந்த வாட்டர் பாட்டிலை வாங்கி, வில்பிரட்டின் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"அந்தக் காசுல வாங்கினதுதானே? ஷோக்கா கீதுக்கா."