நடுவில் சிங்காரவேலு

ஐரோப்பிய அரண்மனைச் சுவரில் தொங்கும், வேட்டைக் காட்சி நெய்த திரைச்சீலையின் நகலுக்கு ஆர்டர் கொடுத்தபோது, அதில் ராஜா எங்கே இருக்கிறார் என்று அரிசி ஆலை அதிபர் சிங்காரவேலு கவனிக்கவில்லை. "நடுவுல என் மூஞ்சி வரணும்" என்று போட்டோவை அனுப்பிவிட்டார். நெய்தவர்களும் சொன்னபடியே செய்திருந்தார்கள். அந்த வேட்டைக் காட்சியில் ராஜா ஓரமாகக் குதிரைமேல் இருந்தார். நடுவில், நாய்கள் வளைத்துக்கொண்ட கலைமான் சிங்காரவேலுவின் மீசையோடு விழித்தது.

"மானா இருந்தா என்ன, நடுவுலதானே இருக்கேன்?" என்று அதை ஹாலில் மாட்டினார்.

மூன்றாம் நாள் மனைவி வடிவாம்பாள் கேட்டாள்: "ஏங்க, இந்தக் கறுப்பு நாய் நேத்து குதிரைகிட்டதானே நின்னுச்சு?"

"துணி தொய்ஞ்சிருக்கும்டி" என்றார். அன்று முழுக்க அவர் ஹால் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலையில் கறுப்பு நாயின் பல் மானின் தொடையில் பதிந்திருந்தது. சிங்காரவேலு ஏணி போட்டு ஏறி, கொக்கியில் கை வைத்தார். துணிக்குள் யாருக்கோ மூச்சிரைத்தது.

"இறங்கிடுங்க! ஆள வச்சுக் கழட்டிக்கலாம்!" வடிவாம்பாள் ஏணியைப் பிடித்தபடி கத்தினாள்.

"எப்படிடி இறங்குறது? காலக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்குது!"

குரல் சிங்காரவேலுவுடையதுதான்; ஆனால் ஏணியில் நின்றவர் வாயைத் திறக்கவே இல்லை.