இரைச்சல் நீக்கிய பாட்டு

பெண் பார்க்க வந்த அன்று பொற்கொடி பாடியதை, முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால், அருணகிரியின் அண்ணன் டேப்பில் பதிவு செய்திருந்தார். அந்தக் கேசட்டை மகள் ஒரு கடையில் கொடுத்து, இரைச்சலை நீக்கி, செல்போனில் ஏற்றித் தந்தாள்.

"என்ன இருந்தாலும் டேப் மாதிரி வராது" என்றார் அருணகிரி.

"கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று இயர்போனின் ஒரு முனையை அவர் காதில் செருகிவிட்டு, மறுமுனையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள் பொற்கொடி.

குரல் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது சரணத்தில், இத்தனை காலமும் டேப்பின் கரகரப்பு என்று இருவரும் நினைத்திருந்த இடத்தில், ஓர் இளைஞனின் முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பொண்ணு வேணாம்மா. கெளம்பலாம்."

அது அருணகிரியின் குரல். அவர் முகம் வெளுத்துவிட்டது. பொற்கொடி பாட்டை நிறுத்தினாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள், வரவில்லை.

"அப்புறம் எப்படிச் சரின்னீங்க?"

"சத்தியமா ஞாபகம் இல்ல, பொற்கொடி."

அவள் பாட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒலியைக் கூட்டினாள்.

"பேசாம இருங்க. உங்கம்மா ஏதோ பதில் சொல்றாங்க."

இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.